ஒரு வீட்டுக்கு நாற்பது மாப்பிள்ளைகள்

அத்தியாயம் 5

"எங்க தெருவுல இல்லாத ஆம்பளைங்கள யாரோ கொண்டாந்து வச்சிருக்காங்க அஞ்சுகம். யாருன்னு நீதான் கண்டுபிடிக்கணும்."

கைருன்னிஸா இதைச் சொன்னபோது அருள்ராஜ் கையில் இருந்த சமோசா வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி வந்தவர்கள் உண்டு. அதிகமாக இருப்பவர்களைத் தேடச் சொல்லி ஒருவர் வந்தது இதுதான் முதல் முறை.

காரைக்கால் பாரதியார் சாலையில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது 'அஞ்சுகம் விசாரணை நிலையம்'. அங்கே வருகிற வழக்குகளில் முக்கால்வாசி கல்யாண விசாரணைகள்தான். மாப்பிள்ளை குடிப்பாரா, சிங்கப்பூர் வேலை நிஜந்தானா, பெண் சிரிக்கும்போது மாமியார் முகம் எப்படி இருக்கிறது, இந்த மாதிரி. அஞ்சுகத்துக்குக் கைரேகை எடுக்கத் தெரியாது, பூதக்கண்ணாடியும் கிடையாது. ஆனால் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் இரண்டு நிமிஷம் நிற்க விட்டால் போதும், அந்த வீட்டின் மொத்தக் கதையையும் சொல்லிவிடுவாள். நாற்பதைத் தாண்டிய அவளுக்கு அருள்ராஜ் உதவியாளன், வண்டியோட்டி. கேட்காமலே அபிப்பிராயம் சொல்கிறவனும் அவன்தான்.

"அதிகமா இருக்கிற ஆம்பளைங்கள்ல ரெண்டு பேர எங்களுக்குத் தாங்களேன்மா" என்றான் அருள்ராஜ். "எங்க சித்தி பொண்ணுக்கு மூணு வருசமா மாப்பிள்ளை தேடிக்கிட்டிருக்கோம்."

"இவன் வாய்க்கு ஒரு மூடி போடு" என்றாள் கைருன்னிஸா, அஞ்சுகத்தைப் பார்த்து. வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள்.

கப்பல்காரர் தெருவில் அவளுடைய வீட்டு முன்கூடத்தில்தான் பெண்களுக்கான சின்ன மருத்துவ மையம் நடந்துவந்தது. வாரம் இரண்டு நாள் பெண் டாக்டர் வருவார். கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள், மூட்டுவலிக்காரிகள் என்று கூடம் நிரம்பிவிடும். டாக்டர் செலவைக் கொடுத்துவந்த திட்ட அலுவலகம் இப்போது கையை விரித்துவிட்டது. காரணம், அவர்கள் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு. எல்லா வீட்டுக்கும் போகாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளில் மட்டும் கேட்டு, அதைப் பெருக்கி மொத்த வார்டுக்கும் கணக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி கைருன்னிஸாவின் வார்டில் பெண்களைவிட ஆண்கள் மிக அதிகம்.

"அதனால டாக்டரம்மா வேணாமாம். அந்தப் பணத்துல ஆம்பளைங்களுக்கு ஜிம்மு கட்டித் தர்றாங்களாம். இன்னிக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் கூட்டம். அதோட முடிஞ்சிது."

"உங்க தெரு ஆம்பளைங்கள்ல பாதிப் பேரு துபாய்லயும் மலேசியாவுலயும்ல இருக்காங்க" என்றான் அருள்ராஜ். "ஜிம்ம அங்க கட்டினாத்தான் ஆளு வரும்."

"அதத்தான் நானும் கேக்குறேன். கணக்கெடுக்க வந்தது நஜீபான்னு ஒரு புள்ள. வூட்டுல உக்காந்துகிட்டு இஷ்டத்துக்கு எழுதிப்புட்டா. நீ அத நிரூபிச்சுக் குடு. கணக்கு பொய்னு ஆயிடுச்சுன்னா டாக்டரம்மா தங்கிடுவாங்க."

"உங்க வீட்டுக்கு வந்தாளா?" என்று கேட்டாள் அஞ்சுகம்.

"வந்தா. ரோஸ்மில்க்கு குடுத்தேன், குடிச்சா. எங்க வூட்டுக் கணக்க நான் சரியாத்தான் சொன்னேன். மத்த வூடுங்கள்லதான் ஏதோ பண்ணியிருக்கா."

அஞ்சுகம் வழக்கை ஏற்றுக்கொண்டாள். முன்பணம் கேட்கவில்லை. அருள்ராஜுக்கு அதுதான் முதல் அதிர்ச்சி.

நஜீபாவைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. திட்ட அலுவலகத்தின் வராந்தாவில், விளக்கம் கேட்டுத் தந்த தாளை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். அழுது முடித்துக் களைத்துப்போன முகம்.

"இல்லாத ஆளுங்கள எழுதிட்டேன்கிறாங்க. சாயங்காலத்துக்குள்ள நான் உண்மையில்லன்னு நிரூபிக்கலன்னா வேலை போயிடும்" என்றவள், தான் சொன்னது தலைகீழாகிவிட்டதை உணர்ந்து, "பொய் எழுதலன்னு நிரூபிக்கணும்" என்று திருத்தினாள்.

"சுலபம்தானே" என்றான் அருள்ராஜ். "எந்தெந்த வீட்டுக்குப் போனீங்கன்னு சொல்லுங்க. நாங்க போயி ஆளுங்கள எண்ணிட்டு வந்துடுறோம்."

"அது சொல்ல முடியாதுங்க. எந்த வீட்டுல என்ன சொன்னாங்கன்னு வெளியில சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துத்தான் கேட்டிருக்கேன். சொல்லிட்டா அடுத்த தடவை யாரும் கதவத் திறக்க மாட்டாங்க."

"வேலையே போகப் போவுது, அடுத்த தடவையப் பத்திக் கவலைப்படுறீங்களே."

"போனாலும் வாக்கு வாக்குதானுங்களே."

அஞ்சுகம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, வீட்டச் சொல்ல வேணாம். நீ கேட்ட கேள்வியச் சொல்லு."

"இந்த வீட்டுல இருந்துகிட்டு ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க யார் யாருன்னு கேக்கணும். வெளிநாட்டுல இருக்கிறவங்கள சேக்கக் கூடாது. அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அப்படியேதான் கேட்டேன்."

வண்டியைக் கிளப்பும்போது அருள்ராஜ் முணுமுணுத்தான். "கைகாரப் பொண்ணு. வீட்டையே காட்ட மாட்டேங்குது."

"அதனாலதான் அது பொய் எழுதலன்னு சொல்றேன்" என்றாள் அஞ்சுகம் பின்னாலிருந்து. "போகாம எழுதுனவகிட்ட ஒளிக்கிறதுக்கு வீடு ஏது? அப்படிப்பட்டவ ஏதாவது நாலு வீட்டச் சொல்லி அங்க போய்க் கேளுங்கன்னு கை காட்டியிருப்பா."

அருள்ராஜ் யோசித்தான். யோசித்தபோது அவனுக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. "அப்ப கணக்கு பொய்னா இந்தப் பொண்ணுக்கு வேலை போவும். கணக்கு நிஜம்னா டாக்டரம்மா போயிடுவாங்க. நாம எந்தப் பக்கம்க்கா?"

"கப்பல்காரர் தெரு பக்கம். நேராப் போ."

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆண்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அருள்ராஜ் வண்டியில் இருந்தபடியே எண்ணப் பார்த்தான். வெள்ளைச் சட்டைகள் ஒரு சந்தில் நுழைந்து இன்னொரு சந்தில் வெளிவந்ததில் ஒருவரையே மூன்று முறை எண்ணிவிட்டோமோ என்று சந்தேகம் வந்து, அந்த முயற்சியைக் கைவிட்டான்.

கைருன்னிஸாவின் வீடு பெரியது. முன்கூடத்தில் எடை பார்க்கும் கருவி, பச்சைத் திரை, நீளமான பெஞ்சு. அதைத் தாண்டி உள்ளே போனால் ஆள் அரவமில்லாத அறைகளாக வந்துகொண்டே இருந்தன. சமையலறையில் மட்டும் நெய்ச்சோறு மணத்தது.

"சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்றாள் கைருன்னிஸா. "என் மவன் சஃப்வான் வர்ற நேரம். கீழவாஞ்சூர் துறைமுகத்துல லாரி போக்குவரத்துப் பாக்குறான். எவ்வளவு வேலையிருந்தாலும் மதியம் என் கையால சாப்பிடாம இருக்க மாட்டான்."

சஃப்வான் வந்தான். முப்பது வயதுக்குச் சற்றுப் பூசினாற்போன்ற உடம்பு. சட்டைப் பொத்தான்கள் தங்கள் கடமையைச் சிரமப்பட்டுச் செய்துகொண்டிருந்தன. உம்மா நெய்ச்சோற்றை வைக்க வைக்க, அதன்மேல் தாளிச்சாவை ஊற்ற ஊற்ற, அவன் மறுக்காமல் சாப்பிட்டான். ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கு முன்பும் ஒரு பெருமூச்சு விட்டான். போருக்குப் போகிறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான் என்று நினைத்தான் அருள்ராஜ்.

"இன்னும் கொஞ்சம் சாப்பிடு வாப்பா."

"போதும் உம்மா."

"எளச்சுப் போயிட்டே."

அருள்ராஜுக்குப் புரையேறியது.

அஞ்சுகம் கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்புறம் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. அருள்ராஜுக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். கொடியைப் பார்த்துவிட்டாள். மாப்பிள்ளை விசாரிக்கப் போனால் அவள் முதலில் பார்ப்பது துணி காயப்போடும் கொடியைத்தான்.

"இந்தத் தம்பி கிளம்புனதும் பின்னால போ" என்று அவன் காதோரம் சொன்னாள். "எங்க போறாரு, என்ன பண்றாருன்னு மட்டும் பாரு. வாயத் திறக்காத."

"அதுக்கு வேற ஆளப் போட்டிருக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான் அருள்ராஜ்.

சஃப்வான் மெதுவாக நடந்தான். வேகமாக நடக்கும் நிலையில் அவன் இல்லை. தெருமுனையில் நின்று ஒரு கோலி சோடா குடித்தான். சட்டையில் சிந்தியிருந்த தாளிச்சாத் துளியைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு பக்கத்துத் தெருவில் திரும்பி, நீல நிற கேட் போட்ட ஒரு வீட்டுக்குள் நுழைந்தான்.

கள்ளத்தனமாக ஒரு மனிதன் சாட்சியத்தை அழிப்பதை அருள்ராஜ் நேரில் பார்த்தது இதுவே முதல் முறை. உற்சாகம் தாங்காமல் கேட்டின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான்.

உள்ளே விரித்த பாயில் சஃப்வான் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு முழுத் தட்டு. பக்கத்தில் கர்ப்பிணியான இளம் மனைவி விசிறிக்கொண்டிருந்தாள். ஓர் அம்மாள் கொடுவாமீன் குழம்பை, அதாவது ஆணத்தை, அள்ளி அள்ளி ஊற்றினாள்.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை. பட்டினச்சேரியிலேருந்து உங்களுக்குன்னு சொல்லி வரவழைச்ச மீனு. பசியோட இருப்பீங்க."

"ஆமா மாமி" என்றான் சஃப்வான், தியாகியின் குரலில்.

முற்றத்துக் கொடியில் அவனுடைய சட்டைகள், கைலிகள், பனியன்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"யாருப்பா அது வாசல்ல?" என்றாள் மாமியார்.

"கொசு மருந்துங்க" என்றான் அருள்ராஜ் தயாராக. "உள்ள கொசு இருக்கா?"

"இல்ல."

"அப்ப சரிங்க."

சற்று நேரத்தில் சஃப்வான் தானே வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க எங்க உம்மா வீட்டுல இருந்தீங்கள்ல? தயவு செஞ்சு இங்க சொல்லிடாதீங்க. மதியம் அங்க சாப்பிடுறது மாமிக்குத் தெரியாது. இங்க சாப்பிடுறது உம்மாவுக்குத் தெரியாது. கல்யாணமாகி ஒண்ணரை வருசமா இப்படித்தான் ஓடுது."

"உங்களுக்கு ஜிம்மு வேணும்தான் பாஸ்" என்றான் அருள்ராஜ், மனப்பூர்வமாக.

அவன் திரும்பி வந்து மூச்சிரைக்கச் சொன்னான். "ஆளு மாட்டிக்கிட்டான்க்கா. ரெண்டு வீட்டுல சாப்பிடுறான், ரெண்டு வீட்டுலயும் பொய் சொல்றான். ஏதோ சலுகைக்காக ரெண்டு இடத்துல பேரு குடுத்திருக்கான்."

"கொடியில என்ன இருந்துச்சு?"

"அவன் துணிதான். மொத்தமும்."

"கைருன்னிஸா அம்மா வீட்டுக் கொடியில வெள்ளைத் துப்பட்டி ரெண்டு. வேற ஒண்ணும் இல்ல" என்றாள் அஞ்சுகம். "அந்த வீட்டுல சாப்பிடுறவன் ஒருத்தன் இருக்கான், துணிய அழுக்காக்குறவன் யாரும் இல்ல. இனிமே கூட்டத்துல பாத்துக்கலாம்."

"குற்றவாளி யாருன்னாவது சொல்லுங்க."

"இருந்தாத்தானே சொல்றதுக்கு" என்று சொல்லி அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள்.

கூட்டம் நடந்த மண்டபம் பெண்களால் நிரம்பியிருந்தது. நீல கேட் மாமியாரும் வந்திருந்தாள். பெயர் ஜெய்னம்பு. சம்பந்திகள் இருவரும் ஒரே வரிசையில், நடுவில் ஒரு நாற்காலி விட்டு, மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் திட்ட அதிகாரி நீலமேகம். நல்ல மனிதர், ஆனால் எண் என்றால் அதைச் சாமி படம் மாதிரி கும்பிடுகிறவர். பின்னால் திரையில் ஒரு பெரிய ஆண் உருவமும் ஒரு சின்னப் பெண் உருவமும் நின்றன. ஓரத்தில் நஜீபா தலைகுனிந்து நின்றாள்.

"புள்ளிவிவரம் பேசுது" என்றார் நீலமேகம். "நாம கேக்கணும்."

"பாதியத்தான் பேசவிட்டிருக்கீங்க சார்" என்று எழுந்தாள் அஞ்சுகம். "வாசல்ல குடுத்த அறிக்கையில ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்துலயும் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம்னு போட்டிருக்காங்க. அது உங்க படத்துல எங்க?"

"அதையும் போட்டா எழுத்து சின்னதாயிடுதும்மா."

"அந்தச் சின்ன எழுத்துப்படி பாத்தா இந்த வார்டுல ஆம்பளைங்க அதிகமாவும் இருக்கலாம், பொம்பளைங்க அதிகமாவும் இருக்கலாம். மொத்த காரைக்காலுக்கும் சேத்துச் சொல்றதுக்காக எடுத்த கணக்கு சார் இது. அதப் போயி ஒரு தெருவுக்கு வெட்டி எடுத்தா கையில என்ன மிஞ்சும்? நீங்க போன வீடுகளே கொஞ்சம். ஒரு வீடு நாப்பது வீட்டுக்குச் சமம்னு வச்சிருக்கீங்க. ஒரு வீட்டுல ஒரு ஆளு தப்பா ஏறுனா, திரையில நாப்பது பேரு ஏறுவாங்க."

"தப்பா ஏத்துனதுக்குத்தான் இந்தப் பொண்ணுகிட்ட விளக்கம் கேட்டிருக்கோம்."

"அவ ஏத்தல. சார், உங்க ஊரு நெரவிதானே? கல்யாணம் முடிஞ்சா யாரு வீடு மாறுவாங்க?"

"பொண்ணுதான். இதென்ன கேள்வி?"

"இந்தத் தெருக்கள்ல மாப்பிள்ளைதான் மாறுவாரு. பொண்ணு பொறந்த வீட்டுலயே இருக்கும். அதனால பொண்ணுங்க ஒரு வீட்டுக் கணக்குலதான் வருவாங்க. மாப்பிள்ளை ராத்திரி மனைவி வீட்டுல, மதியம் உம்மா வீட்டுல. ஒரே அடுப்புல யாரு சாப்பிடுறாங்கன்னு கேட்டா ரெண்டு வீட்டுலயும் அவரு பேரத்தான் சொல்லுவாங்க. சொல்றது ரெண்டும் நிஜம். நீங்க ஒரு மாப்பிள்ளைய ரெண்டு தடவை வாங்கி, அப்புறம் நாப்பதால பெருக்கிட்டீங்க."

நீலமேகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆதாரம்? அப்படிச் சொன்ன ஒரு வீட்டையாவது காட்டுங்க. இல்லன்னா நான் எப்படி எழுதுறது?"

நஜீபா நிமிரவில்லை. எந்த வீடு என்று அவளுக்குத் தெரியும், சொல்ல மாட்டாள். அஞ்சுகத்துக்கும் தெரியும். அவளும் சொல்லவில்லை. அப்போதுதான் அருள்ராஜுக்கு உறைத்தது. தங்களிடம் வழக்குக் கொண்டுவந்தவளே, இல்லாத ஆண்களைக் கொண்டுவந்தவள். அவன் மெதுவாகத் திரும்பி கைருன்னிஸாவைப் பார்த்தான்.

அவளுக்கும் எப்போதோ புரிந்திருக்க வேண்டும். துப்பட்டி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியைத் தாண்டி ஜெய்னம்பு உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். இவர்கள் முன்னால், சம்பந்தி காதுபட, பெற்ற பிள்ளை என் வீட்டில் இல்லை என்று எந்தத் தாய் சொல்லுவாள்?

கைருன்னிஸா எழுந்தாள்.

"அந்தப் புள்ளய விட்டுடுங்க சார். என் வூட்டுக்கு வந்தா. அடுப்புல யாரு சாப்பிடுறாங்கன்னு கேட்டா. நானும் என் மவனும்னு சொன்னேன். அவன் சாப்பிடுறது நிஜம். ஆனா அவன் இருக்கிறது மருமவ நௌஷின் வூட்டுல." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எனக்குப் பொம்பளப் புள்ள இல்ல. இருந்திருந்தா எனக்கும் வூட்டோட ஒரு மாப்பிள்ளை வந்திருப்பாரு. ராத்திரி அந்த வூட்டுல தூங்குறது நான் ஒருத்திதான். ஒண்ணுன்னு எழுதிக்கங்க."

நஜீபா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"என் வூட்டுலேருந்தும் ரெண்டு பேரக் கழிச்சுக்கங்க" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"எனக்கு மூணு. மூத்தவன் காலைப் பசியாறதுக்கு மட்டும்தான் வர்றான்."

"என் மவன் ஆணத்த வாளியில எடுத்துட்டுல்ல போறான். அது எந்தக் கணக்கு?"

கைகள் உயர்ந்துகொண்டே போயின. திரையில் நின்ற பெரிய ஆண் உருவத்தை நீலமேகம் தானே அணைத்துவிட்டார். ஜிம் கோப்பைக் கட்டி ஓரமாக வைத்தார். முந்தைய இரண்டு சுற்றுக் கணக்கையும் பக்கத்து வார்டுகளையும் சேர்த்துப் பார்த்து, பிறப்புப் பதிவோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் முடிவு, அதுவரை டாக்டர் வருவார் என்றார். அடுத்த சுற்றில் நேற்று ராத்திரி யார் யார் இங்கே தூங்கினார்கள் என்றும் கேட்க வேண்டும், அதை நஜீபாவே போய்க் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டு, விளக்கம் கேட்ட தாளை அவள் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வாசலில் சஃப்வான் நின்றிருந்தான். உள்ளே நடந்தது எல்லாம் அவன் காதுக்கு வந்திருந்தது. இரண்டு வீட்டுத் தாய்மாரும் ஒன்றாக வெளியே வருவதைப் பார்த்ததும் அவன் அருள்ராஜுக்குப் பின்னால் ஒதுங்கினான். ஆனால் அருள்ராஜ் மறைக்கும் அளவுக்கு அகலமில்லை.

"மாப்பிள்ளை" என்றாள் ஜெய்னம்பு. "மதியம் ரெண்டு தடவை சாப்பிட்டீங்களாமே."

"மாமி, அது வந்து..."

"எளச்சுப் போயிட்டான்னு நான் ஊட்டுறேன்" என்றாள் கைருன்னிஸா. "பசியோட இருப்பாருன்னு அவங்க ஊட்டுறாங்க. ஏன்டா வாயத் திறந்து சொல்லல?"

"சாப்பாடு இருந்துச்சு உம்மா, வாய் நிறைய" என்றான் சஃப்வான்.

ஜெய்னம்பு சிரிப்பை அடக்கிக்கொண்டு கைருன்னிஸாவின் பக்கம் திரும்பி, அக்கா முறை வைத்துப் பேசினாள். "மதியச் சாப்பாடு இனிமே உங்க வூட்டுலதான் லாத்தா. நான் குறுக்க வரல. ஆனா ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீங்க எங்க வூட்டுக்கு வரணும். புள்ளத்தாச்சி இருக்கிற வூடு. நௌஷினுக்கும் ஆளு வேணும்."

கைருன்னிஸா துப்பட்டியைச் சரிசெய்தாள். தெருவைப் பார்த்தாள். படியிறங்கிக்கொண்டிருந்த நஜீபாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"ஏம்புள்ள, அடுத்த தடவை அவங்க வூட்டுக்கு நீ வந்தா, நான் அங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தா, என்ன எந்த வூட்டுல எழுதுவே?"

"தூங்குற வீட்டுலதாம்மா."

"அப்ப சரி" என்றாள் கைருன்னிஸா. "சாப்பிட மட்டும் வர்றேன். கூப்பிட்டதால வந்தேன்னு ஒரு ஓரமா எழுதி வச்சுக்க. நானா போனதா யாரும் நினைச்சிடக் கூடாது."